வழக்கத்துக்கு ஒரு சாட்சி

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியிருந்த அந்த ஒப்பந்தத்தை வக்கீல் சண்முகவடிவு இரண்டு முறை படித்தார். திருச்சுழி வட்டம் வேலங்குளத்தைச் சேர்ந்த தங்கபாண்டியும் அவர் மனைவி முனீஸ்வரியும் மனம் ஒத்துப்போகாததால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இன்று முதல் தீர்ந்துகொண்டார்கள். இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை கிடையாது. அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். 2014 ஆனி மாதத் தேதி. கீழே இரண்டு கையெழுத்து, மூன்று சாட்சி, ஒரு நோட்டரியின் ஊதா முத்திரை.

"இதை நம்பியா ரெண்டாவது கல்யாணம் பண்ணுனீங்க?"

"ஆமா மேடம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். துரும்பக் கிள்ளிப் போட்டாச்சுன்னா தீந்துச்சு. எங்களுக்குப் பேப்பரு வேற எழுதுனாக."

முனீஸ்வரிக்கு முப்பத்து நான்கு வயது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூற்பாலையில் கோன் சுற்றும் பிரிவில் வேலை. முதல் ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள் இருந்தது.

தங்கபாண்டியோடு அவள் வாழ்ந்தது மூன்று வருடம். அதில் பதினோரு மாதம் அவன் திருப்பூரில் இருந்தான், ஒரு போன் கிடையாது. சண்டை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஊர் கூடியது. தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளி அவள் பக்கம் பாதி, தன் பக்கம் பாதி போட்டான். அடுத்த வருடமே பாலவனத்தத்தில் ஜெயக்குமாரைக் கட்டிக்கொண்டாள். அவர் நூற்பாலை வேன் ஓட்டுபவர். ஏழு வருடம். ஒரு மகள், ஜெகதீஸ்வரி. 2022 கார்த்திகையில் மதுரை ரோட்டில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் வேன் மோதியது. வேனில் வேறு யாரும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். ஜெயக்குமாரின் அண்ணன் காளீஸ்வரன் தாலுகா அலுவலகத்தில் ஓர் ஆட்சேபணை கொடுத்தார். என் தம்பிக்கு வாரிசு என் தாயாரும் அவன் மகளும்தான். முனீஸ்வரி என்பவர் தங்கபாண்டியின் மனைவி. அவர்களுக்குள் விவாகரத்து ஆனதற்கு எந்தக் கோர்ட்டு உத்தரவும் இல்லை. வீட்டு வாசலில் நின்று அவர் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

"புள்ளைக்கு உள்ளது புள்ளைக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன். நீ யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கத்தான் அவள் வக்கீலிடம் வந்திருந்தாள். ஜெயக்குமாரின் வீட்டில் பங்கு என்பது அவளுக்கு இரண்டாவதாகத்தான் இருந்தது. ஜெயக்குமாரின் மனைவி என்று அரசாங்கம் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

"சட்டம் ரெண்டு வழி வச்சிருக்கும்மா," என்றார் சண்முகவடிவு. "ஒண்ணு, கோர்ட்டுக்கு வந்து விவாகரத்து வாங்குறது. அதை நீங்க செய்யல. இன்னொண்ணு, உங்க சமுதாயத்துல ஊர் கூடித் தீர்த்து விடுற வழக்கம் காலங்காலமா இருந்தா, அதையும் சட்டம் ஏத்துக்கும். ஆனா வழக்கம் இருக்குன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"இதுல நிரூபிக்க என்ன மேடம் இருக்கு? ஊருக்கே தெரியும்."

"ஊரு கோர்ட்டுக்கு வராது. ஆளுதான் வரணும். உங்க சாதியில, விவரம் தெரிஞ்ச, வயசான ஒரு ஆள் கூண்டுல ஏறி, எங்க பொண்ணுக இப்படித் தீர்த்துக்கிட்டு மறுபடி கட்டிக்கிட்டிருக்காங்க, இன்னார் மக இன்னாரைக் கட்டுனான்னு சொல்லணும். ஒரு ஆள் போதும்."

"ஒரு ஆளா?" முனீஸ்வரி சிரித்துவிட்டாள். "ஒன்பது பேரக் கொண்டாரேன்."

*

வேலங்குளத்தில் தீர்த்துக்கொண்டு வந்து மறுபடி கட்டிய பெண்கள் ஏழு பேரை அவள் விரல்விட்டுச் சொல்வாள். அருஞ்சுனை அதில் மூத்தவள். நரிக்குடிப் பக்கம் முதலில் வாழ்க்கைப்பட்டு, ஆறாம் மாதம் தீர்த்துக்கொண்டு வந்து, இங்கே நாற்பத்தைந்து வருடமாக இருக்கிறாள். ஐந்து பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை முனீஸ்வரி போனபோது கண்மாய்க்குள் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோர்ட்டுக்கா?" என்றாள் அருஞ்சுனை. "நான் வந்து கூண்டுல ஏறி, எனக்கு ரெண்டு புருசன் சாமின்னு சொல்லணுமாக்கும்? ஏண்டி, எம்பேரன் போலீசு வேலைக்குப் படிச்சுக்கிட்டிருக்கான்."

"சொன்னா என்ன சின்னத்தா," என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. "ஒருத்தரு செத்துட்டாரு, ஒருத்தரு இருக்காரு. இன்னைக்குக் கணக்குக்கு ஒண்ணுதான வருது."

எல்லோரும் சிரித்தார்கள். அருஞ்சுனையும் சிரித்தாள். பிறகு, "ஒனக்கு வாய் நீளம்டி. ஒங்க ஆத்தா யாரத் தீத்துட்டு இந்த ஊருக்கு வந்தான்னு நான் சொல்லட்டா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இப்போது சங்கம் இருந்தது. திருச்சுழியில் சங்கத்துக்குக் கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. சங்கம் போட்ட வரலாற்றுப் புத்தகத்தில், ஒருமுறை கட்டிய தாலியை உயிர்போகும்வரை கழற்றாத குலமகளிர் என்று அச்சாகியிருந்தது. பஸ் நிலையத்தில் வேறு சாதிப் பையன் ஒருவன், "அறுத்துக்கட்டுற சாதிதானடா நீங்க" என்று சொன்னதற்கு மூன்று பேருக்கு மண்டை உடைந்து, வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த மூன்று பேரில் ஒருவன் அருஞ்சுனையின் இன்னொரு பேரன்.

மற்ற ஆறு பேரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி காபி கொடுத்துவிட்டு, "இந்தப் பேச்ச எங்க மருமக காதுல விழுகும்படி பேசாத" என்றாள்.

தங்கபாண்டியைப் பார்க்க அவள் நரிக்குடி ரோட்டில் இருந்த கரிமூட்டத்துக்குப் போனாள். அவன் கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி லோடு அனுப்பிக்கொண்டிருந்தான். மூட்டத்தின் மேல் மண் பூசிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் இறங்கி வந்து கையைக் கைலியில் துடைத்தான். பத்து வருடத்தில் இருவரும் இரண்டு கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். பேசியதில்லை.

"நான் வாரேன் முனீசு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். நாந்தான துரும்பக் கிள்ளுனேன்."

"நீங்க சொன்னா மட்டும் பத்தாதாம். நம்ம ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்றோம்னு சொல்லிருவாகளாம். ஊருல பெரிய ஆளு ஒருத்தரு வேணுமாம்."

அவன் மூட்டத்தில் புகை கசிந்த இடத்தில் ஒரு கை மண்ணை அப்பினான்.

"அந்தப் பேப்பரு செல்லாதுன்னு ஆச்சுன்னா, மாரீஸ்வரி எனக்கு யாரு?"

மாரீஸ்வரி அவன் இப்போதைய மனைவி. இரண்டு பிள்ளைகள். முனீஸ்வரி அதுவரை அந்தப் பக்கம் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

"பால்ச்சாமி பெரியப்பாவப் போய்ப் பாரு," என்றான் அவன். "அவருதான உக்காந்து தீத்து வச்சாரு. அவரு கையெழுத்து இருக்குல்ல. மத்த ரெண்டு சாட்சியும் போயிச் சேந்துட்டாக."

*

பால்ச்சாமிக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவர். சங்கத்தின் கௌரவத் தலைவர். முனீஸ்வரிக்குப் பெரியப்பா முறை. அவள் போன அன்று அவர் டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாத்தா. சாப்புட்டியா? ஏ, உள்ள யாரு, தம்பி மக வந்திருக்கு, சோறு போடுங்க."

சோறு வந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதையும் பேசவிடவில்லை. பிறகு அவராகவே தொடங்கினார்.

"காளீஸ்வரன் செஞ்சது அக்கிரமம். எனக்குத் தெரியும். ஏழு வருசம் ஒன் வீட்ல ஒன் கையால சோறு திண்டவன், இப்ப ஒன்னய யாருன்னு கேக்கானாம்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் பெரியப்பா."

"நான் எத்தன தீத்து வச்சிருப்பேன் தெரியுமா? அம்பது இருக்கும். ஒரு தடவ மல்லாங்கிணத்துல, மாப்பிள துரும்பக் கிள்ளிட்டான். பொண்ணு அந்தத் துண்டு துரும்ப எடுத்துப் பாத்துட்டு, எம்பக்கம் சின்னதா விழுந்திருக்கு, மறுபடி கிள்ளச் சொல்லுங்கங்கா. கூட்டமே சிரிச்சுப்போச்சு. மறுபடி கிள்ள வச்சேன்." அவர் தானே சிரித்தார். இருமல் வந்தது. "கெட்ட வழக்கமா அது? ஒத்துவரல, போ. ஒரு அடிதடி கெடையாது, ஒரு மருந்து குடிச்சுச் சாகுறது கெடையாது."

"இதத்தான் பெரியப்பா. இத அப்படியே கோர்ட்டுல சொல்லுங்க. அது போதும்."

பால்ச்சாமி டி.வி.யைப் பார்த்தார். அதில் யாரோ மாடு வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சம்மன் அனுப்பச் சொல்லு," என்றார். "சம்மன் இல்லாம நானாப் போனா, ஓடிப்போயி நம்ம சாதியப் பத்திச் சொன்னேன்னு ஆயிரும். சம்மன் வந்தா, அரசாங்கம் கூப்புடுது, போகணும்ல."

கிளம்பும்போது ஒரு பை நிறையக் குதிரைவாலி அரிசி கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வக்கீலுக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னாள்.

"அவுகளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல மேடம். அவுக அம்மா கருத்தம்மாளே தீத்துட்டு வந்து கட்டுனவுகதான். மொதத் தாலிக்குப் பெறந்த மகன் நரிக்குடியில இருக்காரு, தவசின்னு. ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறாக."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. சண்முகவடிவு எழுதிக்கொண்டிருந்தார்.

*

ஜெயக்குமாரின் சட்டப்படியான மனைவி என்று அறிவிக்கக் கேட்டுப் போட்ட வழக்கு வரிசைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முனீஸ்வரி அரை நாள் விடுப்புப் போட்டாள். சில நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஒரு நாள் நீதிபதி மாறுதலாகிப் போயிருந்தார். வாய்தா தேதி எழுதிய சின்னத் தாள்களை அவள் ஜெகதீஸ்வரியின் பழைய ஜாமெட்ரி பெட்டியில் போட்டு வைத்தாள். பெட்டி மூட முடியாமல் போனது.

அவளும் தங்கபாண்டியும் சாட்சி சொல்லி முடித்தார்கள். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பால்ச்சாமியின் முறை 2025 பங்குனியில் வந்தது. அவர் காரில் வந்தார். அவரோடு சங்கத்துப் பையன்கள் நான்கு பேர், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சண்முகவடிவு முனீஸ்வரியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"இவர் மாத்திச் சொல்லப் போறார்."

"சொல்ல மாட்டாக மேடம்."

"சொன்னா, அவர் அம்மா விஷயத்தைக் கேக்கணும். வேற வழி இல்ல. அத்தனை பேர் முன்னால கேப்பேன். நாளைக்கு அவர் உங்க முகத்துல முழிக்க மாட்டார். கேக்கட்டுமா?"

முனீஸ்வரி வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். இதற்கு அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் உள்ளே ஒரு வழக்கு கூப்பிட்டு, ஒத்திவைத்தும் ஆகிவிட்டது.

"கேளுங்க," என்றாள்.

பால்ச்சாமி கூண்டில் ஏறித் துண்டை மடித்துக் கம்பியில் போட்டார். முத்திரைத்தாளைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான்."

"எதுக்காகப் போட்டீங்க?"

"ரெண்டு குடும்பத்துக்கும் சண்ட வந்துச்சு. இனிமே சண்ட போடக்கூடாதுன்னு எழுதுனாக. படிச்சுப் பாக்கல."

"தீர்ந்துகொண்டார்கள்னு போட்டிருக்கு. உங்க சமுதாயத்துல ஊர் கூடித் தீர்த்து விடுற வழக்கம் உண்டா?"

"கெடையாது."

"துரும்பு கிள்ளிப் போடுறது?"

"அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதில்லைங்க. எங்க பொண்ணுக ஒரு தாலிதான் கட்டுவாக."

பின்வரிசையில் ஒரு பையன் தலையை ஆட்டினான். சண்முகவடிவு நீதிபதியிடம் அனுமதி கேட்டார். தன் சாட்சி தனக்கு எதிராகப் பேசுவதால் குறுக்கு விசாரணைபோலக் கேட்க வேண்டும் என்றார். நீதிபதி அனுமதித்தார்.

"உங்க தாயார் பேர் என்ன?"

பால்ச்சாமி முதல் முறையாக முனீஸ்வரியைப் பார்த்தார்.

"கருத்தம்மா."

"அவங்களுக்கு உங்க தகப்பனாரைக் கட்டுறதுக்கு முன்னால நரிக்குடியில ஒரு திருமணம் ஆகி, ஊர் தீர்த்து வச்சு, அதுக்கப்புறம்தான் உங்க தகப்பனாரைக் கட்டுனாங்கன்னு சொல்றேன்."

"இல்ல."

"நரிக்குடியில தவசின்னு ஒருத்தர் இருக்கார். உங்களுக்கு என்ன முறை?"

அவர் துண்டை எடுத்தார். மறுபடி கம்பியில் போட்டார்.

"தூரத்துச் சொந்தம்."

நீதிபதி எழுத்துத் தமிழில் சொல்லச் சொல்ல, தட்டச்சர் அடித்தார். என் தாயார் என் தந்தையைத் தவிர வேறு எவரையும் மணந்ததில்லை. நரிக்குடி தவசி என்பவர் எனக்குத் தூரத்து உறவினர். அவர் என் தாயாரின் மகன் என்று சொன்னால் சரியல்ல. வாசித்துக் காட்டினார்கள். பால்ச்சாமி கையெழுத்துப் போட்டார்.

வெளியே கார் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். முனீஸ்வரி கடந்து போக வேண்டியிருந்தது.

"சாப்புட்டியாத்தா?" என்றார்.

"இனிமேத்தான் பெரியப்பா."

அவர் தலையாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

*

ஒரு வாய்ப்பு மீதி இருந்தது. தவசியே வந்து சொன்னால் போதும் என்றார் சண்முகவடிவு. ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரி நரிக்குடிக்குப் போனாள். தவசிக்கு எண்பது வயது இருக்கும். ஊருக்கு வெளியே ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் குளம்பு அழுகிய ஒரு வெள்ளாட்டைப் படுக்கவைத்து, காலைத் தன் தொடையில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"என்னய என்னன்னு சொன்னான்?"

"தூரத்துச் சொந்தம்னு."

"ம்." காலைத் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் எம்பேத்தி சடங்குக்கு அவந்தான் மொத ஆளா வந்து, பந்தக்கால்ல கைவச்சான்."

"நீங்க வந்து சொன்னா எனக்கு ஒரு வழி பொறக்கும் பெரியப்பா. உள்ளதச் சொன்னாப் போதும்."

"சொல்லலாம்த்தா. எனக்கு என்ன, சங்கமா, மண்டபமா. எவன் வந்து என்னயக் கேப்பான்." அவர் ஆட்டின் காலை விட்டார். அது எழ முயன்று மறுபடி படுத்தது. "ஆனா நான் போயி அவன் பொய் சொன்னான்னு சொல்லணும். கருத்தம்மா பெத்தது ரெண்டு. ஒருத்தன் கோர்ட்டுல ஏறி அவளப் பத்தி ஒண்ணு சொல்லிட்டான். இன்னொருத்தனும் ஏறி அவளப் பத்தி இன்னொண்ணு சொல்லணுமா? எந்தக் கட்டுல அவ யாருகூட இருந்தா, எப்ப வந்தான்னு எதுத்தாப்புல உள்ள வக்கீலு கேப்பான்ல?"

"கேப்பாக."

"வேணாம்த்தா. விட்ரு."

அவள் ஆட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிறகு அவர் பிடிக்கச் சொன்னதால் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் மருந்து வைத்துக் கட்டினார்.

தீர்ப்பு ஆடியில் வந்தது. அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்துவருவதை வாதி நிரூபிக்கத் தவறிவிட்டார். வாதி சார்பில் அழைக்கப்பட்ட, சமுதாயத்தின் மூத்தவரே அதை மறுத்துள்ளார். எனவே வாதிக்கும் காலஞ்சென்ற ஜெயக்குமாருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் திருமணம் சட்டப்படியான திருமணம் ஆகாது. வழக்கு தள்ளுபடி. மகள் ஜெகதீஸ்வரியின் உரிமை இதனால் பாதிக்கப்படாது என்று ஒரு வரி இருந்தது. சண்முகவடிவு அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

ஆவணியில் தாலுகா அலுவலகம் சான்றிதழ் கொடுத்தது. அதில் தாய், மகள் என்று இரண்டு பெயர்கள். காளீஸ்வரன் அதன் நகலைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புள்ள இருக்கிற வரைக்கும் நீயும் இங்க இருந்துக்க, யாரு போகச் சொன்னா என்றார். பெருந்தன்மையாகவே சொன்னார்.

*

"மேல போகலாமா மேடம்?"

"போகலாம். மேல கோர்ட்டுலயும் இதே சாட்சியத்தைத்தான் படிப்பாங்க." சண்முகவடிவு பேனாவை மூடி வைத்தார். "இன்னொண்ணு சொல்றேன். இந்தத் தீர்ப்புப்படி இன்னைக்குத் தேதிக்கு நீங்க தங்கபாண்டி மனைவி. அவர் மாரீஸ்வரியோட இருக்கறதும் செல்லாது. யாராவது ஒருத்தன் ஒரு புகார் கொடுத்தாப் போதும். முறைப்படி விவாகரத்து வாங்கிட்டு அவரு மாரீஸ்வரியைத் திரும்பப் பதிவு பண்ணிக்கலாம். வீட்டுல பேசுங்க."

"வாங்குனா நான் ஜெயக்குமார் பொண்டாட்டி ஆயிருவேனா?"

"இல்லம்மா. இனிமே தங்கபாண்டி மனைவி இல்லன்னுதான் ஆகும். பழசு மாறாது."

"அப்ப இதுநாள் வரைக்கும் அவரு பொண்டாட்டியா இருந்தேன்னு நானே எழுதிக் குடுக்கணும்."

"ஆமா."

அவள் பதினைந்து நாள் வரவில்லை. பிறகு தங்கபாண்டியோடு வந்தாள். மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து காலில் விழப் போனதாகவும், தான் தடுத்துவிட்டதாகவும் சொன்னாள். "அதுக்காக மட்டும் இல்ல மேடம். அவரு பொண்டாட்டின்னு போட்ட பேப்பரோட நான் சாகக் கூடாது."

இருவரும் சேர்ந்து போடும் மனு என்பதால் வேலை எளிது என்று குமாஸ்தா சொன்னார். ஆதார் அட்டை இருவருக்கும். புகைப்படம் ஆளுக்கு மூன்று. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்வதாக வாக்குமூலம். மனு போட்டதும் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை, இரண்டு முறையும் இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் நடக்காது. முதலில் கல்யாணம் நடந்ததற்கு ஒரு ஆதாரம் வேண்டும்.

"எதுக்கு?" என்றான் தங்கபாண்டி.

"கட்டுனாத்தான அத்துவிட முடியும்," என்றார் குமாஸ்தா.

கல்யாணப் போட்டோக்களைத் தீர்த்த அன்றே எரித்துவிட்டார்கள். கடைசியில் தங்கபாண்டியின் தாய்மாமன் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. மஞ்சள் காய்ந்து கறுத்திருந்தது. தலைமை தாங்குபவர் இடத்தில் பால்ச்சாமியின் பெயர் இருந்தது. குமாஸ்தா அதை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு குத்தினார்.

மனுவில் ஜெயக்குமார் இல்லை. மாரீஸ்வரியும் இல்லை. எழுதினால் சிக்கல், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் சண்முகவடிவு. "கேட்டா என்னன்னு சொல்ல?" என்றாள் முனீஸ்வரி. வக்கீல் மேஜையில் இருந்த தீர்ப்பு நகலை எடுத்தார். "தீர்ப்பு இருக்குல்ல," என்றார். "அதுப்படி அப்படி ஒரு கல்யாணமே நடக்கல. அதைச் சொன்னா அது பொய் ஆகாது."

புது நீதிபதி இளையவர். நிதானமாகப் பேசினார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். நீதிபதி பத்திரிகையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்கய்யா," என்றான் தங்கபாண்டி.

"சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?"

"இல்லைங்கய்யா."

நீதிபதி முனீஸ்வரி பக்கம் திரும்பினார். "பதினோரு வருஷமாப் பிரிஞ்சு இருக்கீங்கன்னு போட்டிருக்கு. இவ்வளவு நாளா ஏன்ம்மா வரல?"

"தெரியாமப் போச்சுங்கய்யா."

"இடையில வேற கல்யாணம் எதுவும் பண்ணிக்கிட்டீங்களா?"

அவள் சண்முகவடிவைப் பார்த்தாள். வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தங்கபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

"இல்லைங்கய்யா," என்றாள்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"இல்ல."

மனுதாரர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று தட்டச்சர் அடித்தார். ஆறு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள்.